வேலைக்குப் போகாத பிங்கர்

எங்கள் ஊர் ரேஷன் கடையில் விரல் என்று யாரும் சொல்வதில்லை. பிங்கர்தான். பிங்கர் வை, பிங்கர் எடு, பிங்கர் விழவில்லை. ரேகை பார்க்கும் மிஷின் வந்த நாளாக இதே பேச்சு.

அன்று மாசக் கடைசி. விட்டால் அந்த மாச அரிசி போச்சு. வீட்டுப் பானையில் ஒரு வேளைக்குத்தான் இருந்தது. வெண்டைக்காய் பறித்துவிட்டு நேராகப் போய் வரிசையில் நின்றேன். போன மாசம் வரை கட்டைவிரல் எப்படியோ விழுந்தது. அன்று பத்தில் ஒன்றும் விழவில்லை.

"தலையில தேச்சி வைம்மா. எண்ண பட்டா வுழும்," என்றார் கடைக்காரர். இங்கே எல்லோரும் செய்வதுதான். தேய்த்தேன். கண்ணாடிதான் பிசுபிசுத்தது.

"இன்னாம்மா, பிங்கரே இல்லாம வந்துகீற?"

"இருந்துச்சி. வெண்டக்கா சொண துன்னுடுச்சி."

வெண்டைக்காய்க்கும் இங்கிலீஷில் பிங்கர்தான் பேர். லேடீஸ் பிங்கர். நான் காய் பறிக்கிற கொல்லைக்காரர் மருமகள் அப்படித்தான் சொல்லும். பிஞ்சாகப் பார்த்து எடு என்று காயைத் தடவிப் பார்க்கும். என் விரலைப் பார்த்ததில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பிங்கர் சிப்ஸ் என்று போர்டு இருக்கிறது. அது உருளைக்கிழங்கு.

ஓட்டுப் போடும் அன்றைக்கு ஆட்டோ அனுப்பிக் கூட்டிப்போய் விரலில் மை வைத்தார்கள். தேய்ந்துபோச்சு என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

"கார்டுல வேற யாரு பேரு கீது?"

"வூட்டுக்காரு."

"இட்டுனு வா. சீக்கிரம், மூடிடுவேன்."

அவர் புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக இடுப்பு வலி, வேலைக்குப் போவதில்லை. சீட்டாட உட்கார்ந்தால் மட்டும் வலிக்காது.

"இந்த ஆட்டம் முடியட்டும்," என்றார்.

"யோவ், எழுந்து வரியா, ராவிக்கு சீட்டுக்கட்ட அவிச்சித் துன்றியா?"

வந்தார். வைத்தார். முதல் தடவையே விழுந்தது. மிஷின் ரசீதைத் துப்பியது.

"பெரியவரு பிங்கரு கொயந்த பிங்கரு கணக்கா கீது," என்றார் கடைக்காரர். வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. வழியில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அரிசி மூட்டையை நான் தூக்கினேன். அவருக்குத்தான் இடுப்பாச்சே.

மறுநாள் காலையில், "வெண்டக்கா பறிக்க ஆளு பத்தல, நீயும் வா," என்றேன்.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இது தேஞ்சிட்டா வூட்ல யாரு சோறு துன்றது?"

"அதுல துணி சுத்திக்கோ. மீதி ஒம்போது கீதில்ல?"

"இடுப்பு வலிக்குது," என்றார்.