அர்ச்சுனனின் நெற்றி விளக்கு

மலேசியாவின் லாபிஸ் ஊரில் அர்ச்சுனன் வீட்டுக்குள் வந்த எந்தச் சாமானும் கடையில் இருந்த உருவத்தோடு ஒரு மாதம் தாண்டியதில்லை. மின்விசிறி சுற்ற வேண்டுமானால் சோற்றுக் குக்கரின் பொத்தானை அழுத்த வேண்டும். குக்கருக்கு என்ன ஆயிற்று என்று அவர் மனைவி பிரேமலாவிடம் யாரும் கேட்பதில்லை. பலகைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் அந்த ஐம்பது வயது மனிதருக்கு, நன்றாக இருக்கும் பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

அவருக்கு ஒரே ஆசைதான். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பும் சைக்கிள் குழுவில் ஒரு நாளாவது முன்னால் போக வேண்டும். ஏழு மணி வரை இருட்டு, செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தெருவிளக்கும் கிடையாது. நல்ல வெளிச்சம் யாரிடமோ அவர்தான் முன்னால். மூன்று வருடமாக அந்த இடம் சிவசம்புவுடையது. பெரிய அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். குழுவுக்குத் தலைவர், செயலாளர் எல்லாம் அவரே. சிங்கப்பூரிலிருந்து மகள் வாங்கி வந்த விளக்கை, அரசாங்கப் பட்டம் மாதிரி கைப்பிடியில் மாட்டியிருந்தார்.

அர்ச்சுனன், ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை வாங்கி வந்தார்.

“சைக்கிள் லைட்டே கடையில இருக்கு. அத வாங்கினா என்னா லா?” என்றார் பிரேமலா.

“அது எல்லார்கிட்டயும் இருக்கும். இது நான் செய்யறது.”

பட்டையை அறுத்து, தண்ணீர்க் குழாய்த் துண்டில் பொருத்தி, கைப்பிடியில் இறுக்கினார். முதல் குழியிலேயே விளக்கு தலைகீழாகத் தொங்கியது. செருப்பு ரப்பரை இடையில் வைத்தார். பேட்டரிக் கம்பி விட்டுப்போனது. கம்பியைப் பற்றவைத்தார், மழைத்தண்ணீர் உள்ளே போனது. சிலிகான் பூசினார், பொத்தானும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, விளக்கு இரண்டு நாள் பட்டப்பகலில் எரிந்தது. கடைசியில் விளக்கைத் தலைக்கவசத்தில் திருகி, பேட்டரியை முதுகுப்பையில் போட்டார். மூன்று மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு நெற்றி விளக்கு நெற்றிக்கே வந்து சேர்ந்திருந்தது. பிரேமலா இதைச் சொல்லிக் காட்டினார். அர்ச்சுனன் காதில் வாங்கவில்லை.

ஆனால் வெளிச்சம் அபாரம். சிவசம்புவே கண் கூசிக் கையால் மறைத்துக்கொண்டார். “சரி, இண்டைக்கு நீர் முன்னுக்குப் போம்,” என்றார்.

மூன்று கிலோமீட்டர் அர்ச்சுனன் ராஜாவாகப் போனார். பின்னால் வந்த எட்டுப் பேரும் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தங்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள். நம் ஆட்களாயிற்றே! தோட்டத்து வளைவு வந்தது. இடப்பக்கம் முனியாண்டி கோயில், வலப்பக்கம் கால்வாய். எந்தக் கோயிலையும் கும்பிடாமல் தாண்டிப் பழக்கமில்லாத அர்ச்சுனன் தலையைத் திருப்பி, நெஞ்சில் கை வைத்தார். வெளிச்சம் முழுக்க முனியாண்டியின் மீசைக்குப் போய்விட்டது. எட்டுப் பேரும் வரிசை கலையாமல் கால்வாயில் இறங்கினார்கள்.

ஈரம் காய்வதற்குள் சிவசம்பு சட்டம் போட்டார். இனி அர்ச்சுனன் கடைசியில்தான் வர வேண்டும். விளக்கைத் தலைக்குப் பின்பக்கம் மாட்டி, சிவப்புக் கண்ணாடி ஒட்ட வேண்டும். முக்கியமாக, கோயில் பக்கம் தலை திரும்பக் கூடாது. அர்ச்சுனனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை; சிவப்புக் கண்ணாடியைச் சிலிகான் போட்டு ஒட்டினார்.

அதற்குள் குழுவில் இன்னொரு பேச்சு கிளம்பியிருந்தது. முனியாண்டிக்கு ஒற்றைக் கையால் கும்பிட்டதுதான் குற்றமாம். ஆகவே அடுத்த ஞாயிறு, வளைவு வந்ததும் எட்டுப் பேரும் இடப்பக்கம் தலையைத் திருப்பி, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்கள். சிவசம்புவின் கைப்பிடி விளக்கு நேராகப் பார்த்தது. சாலை வளைந்தது. சைக்கிள்கள் வளையவில்லை.

தலை திருப்பத் தடை உள்ளவர் மட்டும் சாலையில் நின்றார். சிங்கப்பூர் விளக்கு தண்ணீருக்குள் அணைந்துபோனது.

“அர்ச்சுனன்! உம்மட லைட்டை இஞ்சால பிடியும்!”

விளக்கு பின்மண்டையில் அல்லவா இருக்கிறது? அர்ச்சுனன் கால்வாய்க்கு முதுகைக் காட்டி நின்றார். சேறும் சிவசம்புவும் செக்கச்செவேல் என்று தெரிந்தார்கள்.

“உந்தச் சிவப்பைக் கழட்டிப்போட்டு வெள்ளையாப் பிடியுமன்!”

“கடைசில வர்ற ஆளுக்குச் சிவப்பு லைட்டுதான் சார். நீங்க போட்ட சட்டம்.”

இப்போது அவருக்கு நேர் எதிரே முனியாண்டி இருந்தார். தலையைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. அர்ச்சுனன் இரண்டு கையையும் தூக்கி, அவசரமே இல்லாமல் கும்பிட்டார்.