மாப்பிள்ளை கேட்ட லிப்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், கார் அலங்காரச் சாமான் விற்கும் கடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நெடிய உருவம். காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி. கொண்டு வந்திருந்த காரின் முன் பம்பருக்கு அடியில் மாட்டும் லிப்புகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டச் சொல்லி, குனிந்து தரைக்கும் அதற்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாக நுழைந்தால் வேண்டாமென்று தலையாட்டினார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் தயங்கினார்.

“இவ்ளோ தாழ்வா மாட்டுனா போற எடமெல்லாம் இடிக்கும்மா.”

“இடிக்கட்டும். மாப்புள்ள வூட்டுத் தெரு பூரா மேடும் பள்ளமுந்தான்.”

என் காருக்காகக் காத்திருந்த நான் கேட்டுவிட்டேன்.

“தெரிஞ்சே ஏங்க மாட்டுறீங்க?”

“கல்யாணத்துக்குக் காரு கேட்டாரு, குடுத்தோம். இப்ப இந்த லிப்ப மாட்டிக்கிட்டு வான்னு பொண்ண அடிச்சு, காரோட அனுப்பிட்டாரு. மாட்டியே அனுப்புறேன்.”

“பொண்ணு?”

“அது எங்க வூட்டுலதான் இருக்கும். அவருக்கு வேண்டியது காருதானே?”

லிப்பை மாட்டி முடித்ததும், அந்த அம்மாவின் கூட வந்த டிரைவர் வண்டியை எடுத்தார். கடை வாசல் சரிவிலேயே லிப் கரகரவென்று உரசியது. கடைக்காரர் பதறினார். அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் அந்த மாப்பிள்ளையின் தெரு வரைக்கும் காருக்குப் பின்னாலேயே போய்ப் பார்க்கவேண்டும் போலிருந்தது.