உள்ளே விட்ட துணி

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவன் மனைவியைப் பெரியவள் என்றும் இளையவன் மனைவியைச் சின்னவள் என்றும் மாமியார் கூப்பிட்டு வந்ததால், பால் போடுகிறவர் முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லோருக்கும் அவர்கள் பெரியவளும் சின்னவளும்தான். பெரியவள் குடும்பம் கீழே, சின்னவள் குடும்பம் மாடியில். சமையலறை மட்டும் பொது; அது கீழே இருந்தது. பெரியவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஆல்ட்ரேஷன் கடையில் வேலை பார்த்தாள். வாங்கிய உடை பொருந்தாதவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் பிடித்தோ பிரித்தோ தருவாள். சின்னவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பு மேசை.

இருவருமே நல்ல பருமன். வயிற்றின் முக்கால் பங்கை எடுத்துவிட்டு எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டது பெரியவள். மருத்துவமனைக்கு நடையாய் நடந்து விசாரித்தது அவள். "நல்லா இருக்கிற வயித்தை யாராச்சும் வெட்டிப்பாங்களா?" என்ற மாமியாரோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியதும் அவள்தான். எல்லாம் கூடி வந்த பிறகு சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நீங்க பண்ணிக்கறதுன்னா நானும் பண்ணிக்கறேங்கா, துணைக்குத் துணையாச்சு" என்றாள். துணைக்கு வந்தவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்ததால் அவளுக்கே முதலில் தேதி கொடுத்தார்கள். பெரியவள் மறுநாள். அந்த ஒரு நாளைப் பெரியவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. இருவருக்கும் எடை ஒரேபோலத்தான் இறங்கியது. ஆனால் சின்னவள் இறங்க இறங்க மலர்ந்தாள். பெரியவள் இறங்க இறங்க இருண்டாள்.

அறுவைக்கு முன்பு பெரியவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் கடைவிட்டு வந்ததும், மற்றவர்கள் வந்து சேருவதற்கு முன், சமையலறை மேடைமேல் சாய்ந்து நின்றபடியே ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தின்பாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் அது. வாடிக்கையாளரின் சிடுசிடுப்பு, மாமியாரின் குத்தல், கால்வலி எல்லாம் அந்த ரொட்டியோடு உள்ளே போய்விடும். இப்போது அந்த நேரம் வந்தது, ரொட்டி வரவில்லை. ஒருநாள் பிடிவாதமாக ஒரு முழுத் துண்டைத் தின்றாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடித்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ரொட்டி இல்லாமலேயே படபடப்பு வர ஆரம்பித்தது. பேருந்துப் படியில் கால் வைத்தால் வரும். தையல் மெஷினில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது வரும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. காலையில் கண் விழித்ததும், இன்றைக்கும் விழித்தாயிற்றே என்று இருக்கும்.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்த அவள் கணவருக்கு எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. "போகப் போகப் பழகிடும். புது உடம்பு இல்லையா?" என்பார்.

இதையெல்லாம் மருத்துவமனையில் சொல்லியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்துதான் பரிசோதனைக்குப் போனார்கள். அங்கே ஒரு நர்ஸ், எடை பார்த்து முடித்ததும், தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா, எதிலாவது பிடிப்பு விட்டுப்போயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

"எனக்கு எல்லாம் சூப்பர் சிஸ்டர்" என்பாள் சின்னவள்.

பெரியவள் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பாள். கன்னத்தில் பள்ளம் விழாத முகம். முடிகூட உதிரவில்லை. தனக்கோ சீப்பு நிறைய முடி வருகிறது. "எனக்கும் அப்படித்தான்" என்பாள்.

"உங்க முகம் அப்படிச் சொல்லலையே."

"முகம் இளைச்சிருக்கு சிஸ்டர். அதுக்குத்தானே வெட்டினீங்க."

நர்ஸ் சிரித்துவிடுவார். பெரியவள் தப்பித்துவிடுவாள். முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமியார் நான் அப்பவே சொன்னேன் என்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சின்னவள் ஜெயித்துவிட்டாள் என்று ஆகிவிடும். அதுமட்டும் கூடாது. உயிரே போனாலும் கூடாது என்று நினைத்தாள். அந்த நாட்களில் அவள் அதை ஒரு பேச்சுக்காக நினைக்கவில்லை.

பொறாமை என்பது வேளாவேளைக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் சின்னவள் கிண்ணத்தில் பாதி சூப்பை மிச்சம் வைத்துவிட்டு "போதும்பா" என்பாள். அந்தப் "போதும்பா"வைக் கேட்கும்போது பெரியவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருக்கும். எப்படி ஒருத்திக்குப் போதும்? அவ்வளவு லேசாக? பேருந்தில் பன் தின்றுகொண்டு வந்த பருத்த பெண் ஒருத்தியைப் பார்த்தும் பொறாமைப்பட்டாள். அந்தப் பெண் விரலில் ஒட்டிய துணுக்கைக்கூட விடாமல் நக்கினாள். இளைத்தவளைப் பார்த்தாலும் எரிகிறது, பருத்தவளைப் பார்த்தாலும் எரிகிறது. நமக்கு எந்தப் பக்கமும் இடமில்லை என்று பெரியவள் எண்ணிக்கொண்டாள்.

இதில் எரிகிற நெருப்பில் எண்ணெயாக ஒன்று சேர்ந்தது. சின்னவள் தன் உடைகளையெல்லாம் பிடித்துத் தரும்படி அவளிடமே கொண்டுவந்தாள்.

"வெளிய குடுக்க மனசு வரலக்கா. உங்க கை மாதிரி வராது."

பெரியவள் அளவு நாடாவைச் சின்னவள் இடுப்பில் சுற்றினாள். முன்பு நாடா கிட்டத்தட்ட முடிந்துபோகும் இடுப்பு. இப்போது மிச்சம் தொங்கியது.

"எவ்வளவு இருக்குக்கா?"

"இருக்கு, இருக்கு. மூச்சை விடு முதல்ல, இழுத்துப் பிடிக்காத."

"இழுக்கலியே. இதான் என் இடுப்பு."

கடையில் ஒரு முறை உண்டு. உடையைப் பிடித்தால் தையலுக்கு வெளியே அரை அங்குலம் மட்டும் விட்டு மீதியை வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துவிட வேண்டும். வளர்கிற பிள்ளைகளின் உடைக்கும், பிள்ளை பெற்ற புதிதில் வருகிறவர்களின் உடைக்கும்தான், பிற்பாடு பிரித்துக்கொள்ளட்டும் என்று துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விடுவது. பெரியவள் சின்னவளின் உடை எதையும் வெட்டவில்லை. சட்டை, பாவாடை, கால்சட்டை எல்லாவற்றிலும் துணி முழுவதையும் உள்ளே மடித்து விட்டாள்.

பரிசோதனைக்குப் போன ஒருநாள் நர்ஸ் சின்னவளிடம், புதிதாக அறுவைக்கு வரப்போகிறவர்கள் கூட்டத்தில் வந்து நாலு வார்த்தை பேசுவீர்களா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்கவில்லை. சின்னவள் மறுநாளே தன் பழைய கோட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மேடை ஏறப் போகிறாளாம். கச்சிதமாக இருக்க வேண்டுமாம்.

கடையில் அந்தக் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தபோது கட்டிங் மாஸ்டர் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யாருக்கு மேடம் இது? மாசமா இருக்காங்களா?"

"இல்ல. எங்க வீட்டுச் சின்னவளுக்கு."

"அப்புறம் எதுக்கு மூட்டை கட்டின மாதிரி இவ்வளவு துணி உள்ள?"

"பின்னால பிரிச்சுக்க வேணும்னா இருக்கட்டும்னு."

"அவங்க கேட்டாங்களா?"

பெரியவள் மெஷினை மிதித்தாள். மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அவள் தைத்துக்கொண்டே போனாள். என்ன தைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவள் உள்ளே மடித்து வைத்தது துணியை அல்ல, ஓர் ஆசையை. சின்னவள் மறுபடி ஊத வேண்டும். ஊதி, இந்தக் கோட்டைக் கொண்டுவந்து "கொஞ்சம் பிரிச்சுக் குடுங்கக்கா" என்று தலை குனிந்து நிற்க வேண்டும்.

கூட்டம் முடிந்த அன்று மாலை சின்னவள் கோட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் பிடித்தபடி சமையலறைக்குள் வந்தாள். சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தடித்த தையல் நாள் முழுக்க அழுத்தி, விலாவின் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கன்றியிருந்தது.

"என்னக்கா இது?"

"என்னது?"

"மாடிக்குப் போய் எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டேன். ஒண்ணைக்கூட நீ வெட்டல."

அதுவரை அவள் பெரியவளை நீ என்று சொன்னதில்லை.

"துணி வீணாகக் கூடாதுன்னு..."

"பொய் சொல்லாத. நான் திரும்ப குண்டாவேன்னு காத்துக்கிட்டு இருக்கியா?"

பெரியவள் மேடைமேல் இருந்த கரண்டியை எடுத்தாள், வைத்தாள். பொய் ஒன்றும் கைக்கு வரவில்லை. "ஆமா" என்றாள்.

சின்னவள் திகைத்து நின்றாள். இல்லை என்று சொல்வாள், சண்டை போடலாம் என்று வந்தவள்.

"நீ போதும்னு சொல்றப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது" என்றாள் பெரியவள். "நீ சிரிச்சா எரியுது. மாடிப்படியில நீ ஓடி ஏறுற சத்தம் கேட்டா எரியுது."

"முக்கால் வயித்தை வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கிற துக்கடாவுலயா இவ்வளவு எரிச்சல்?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் சிரிப்பை உடனே விழுங்கிக்கொண்டாள். பெரியவளால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறியது. மேடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "காலையில கண்ணு முழிக்காமலே இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. தினமும் தோணுது. ஆபரேஷனுக்கு அப்புறம் குடுத்த சத்து மாத்திரையெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லாத."

சின்னவள் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

மறுநாள் கடைத் தொலைபேசியில் நர்ஸ் கூப்பிட்டார். "நாளைக்கே வாங்க. மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். வரலைன்னா நானே கடைக்கு வருவேன்." சின்னவள் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று பெரியவள் பல்லைக் கடித்தாள். அவளோடு பேசுவதை நிறுத்தினாள். சின்னவளும் பேசவில்லை. ஆனால் பெரியவள் போனாள். போகாவிட்டால் நர்ஸ் கடைக்கு வந்து மாஸ்டர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

அந்த அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கதவுக்குப் பின்னால் மாட்டிய ஒரு குடையும் இருந்தன. டாக்டரம்மா நடுத்தர வயது, பேச்சில் அவசரமில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு இப்படி வருவதுண்டு என்றார். ஆறுதலாக இருந்த ஒன்று சாப்பாடுதான் என்றால், அது போன இடம் வெறுமையாகக் கிடக்கும்; சத்துக் குறைவும் சேர்ந்தால் மனம் இன்னும் கீழே இழுக்கும்; ரத்தப் பரிசோதனை செய்வோம், மாத்திரை தருகிறேன், வாராவாரம் வந்து பேசுங்கள் என்றார். வாழவே வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் கேட்டு முடிவு செய்துகொண்டார்.

"எங்க சின்னவளுக்கு மட்டும் ஏன் வரல?" என்றாள் பெரியவள். "ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே கத்தி."

"அவங்களைப் பத்தி நான் பேச முடியாது. உங்களைப் பத்திப் பேசலாமா?"

தன்னைப் பற்றி மட்டும் பேசுவதென்றால் எங்கே ஆரம்பிப்பது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ரொட்டியில் ஆரம்பித்தாள்.

சில வாரங்கள் போயின. ஒரே இரவில் விடிந்துவிடவில்லை. ஆனால் பேருந்துப் படியில் வரும் படபடப்பு, நிறுத்தம் தாண்டியதும் அடங்கத் தொடங்கியது. குழாயைத் திறந்தால் குளிக்க முடிந்தது. வாராவாரம் எங்கே போகிறாள் என்று வீட்டில் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மாமியாரா சும்மா இருப்பவர்? ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வாரத்துல ஒருநாள் லேட்டா வர்றியே, எங்க போற?"

கணவர், "கடையில வேலை ஜாஸ்தி..." என்று ஆரம்பித்தார். சின்னவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன் அத்தை" என்றாள் பெரியவள். "எனக்கு மனசு சரியில்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப மோசமாயிட்டேன். மாத்திரை சாப்பிடறேன்."

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? அதே ஆபரேஷன்தானே அவளும் பண்ணிக்கிட்டா? அவ நல்லாத்தானே இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் அத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அது மேசைமேல் வந்து விழுந்துவிட்டது. பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். வழக்கமான எரிச்சல் எழுந்தது, எழுந்து நின்றது, அவ்வளவுதான் செய்தது.

"அவ நல்லா இருக்கா அத்தை. எனக்குத்தான் முடியல."

மாமியார் தண்ணீர் குடித்தார். கணவர் அவள் பக்கம் உப்பை நகர்த்தி வைத்தார். அவள் உப்புக் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து பாத்திரம் கழுவும்போது சின்னவள் பக்கத்தில் வந்து துணியால் தட்டுகளைத் துடைத்தாள். சண்டைக்குப் பிறகு அன்றுதான் முதல்முறை பேசினாள்.

"அடுத்த வாரம் நானும் கூட வரட்டுமாக்கா?"

"வேண்டாம்."

"இன்னும் கோபமா?"

"கோபம் இல்ல. அந்த டாக்டரம்மா என்னோட டாக்டரம்மா. அங்க நீ வந்து சூப்பர்னு சொல்ல வேண்டாம்."

"இதுலயும் பொறாமையா?"

"ஆமா."

சின்னவள் ஒரு தட்டை இரண்டு தரம் துடைத்தாள். "சரி, அந்த வாசல் வரைக்குமாவது?"

பெரியவள் குழாயை மூடினாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வா" என்றாள்.