நீர் போட்ட வயிறு

தெலுங்கு நாட்டுப் பட்டான்செருவில் ஊசி மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என்னோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கூகட்பல்லியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலும் என்னைத் தவிர எல்லோரும் சாஃப்ட்வேர். கழுத்தில் அட்டை தொங்க, கையில் தண்ணீர் பாட்டிலோடு எட்டு மணிக்கு மெதுவாகக் கிளம்புவார்கள். நான் ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். என் கையில் பாட்டில் இருக்காது. காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளித்த தண்ணீர்தான் மதியம் வரைக்கும்.

அதற்குக் காரணம் எங்கள் வேலை நடக்கும் இடம். மருந்தை சீசாவில் அடைக்கும் அறைக்குள் ஒரு கிருமி போகக்கூடாது. அதனால் தலையிலிருந்து கால் வரை மூடும் வெள்ளை அங்கி, முகமூடி, கண்ணாடி, இரண்டு ஜோடிக் கையுறை, முழங்கால் வரை துணிக் காலுறை. அதையெல்லாம் முறைப்படி போட்டு உள்ளே போக இருபது நிமிடம் ஆகும். நடுவில் பாத்ரூம் போகவேண்டுமென்றால் அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது புது அங்கி மாட்டவேண்டும். வாசலில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. வெளியே போன நேரம், காரணம் இரண்டையும் எழுதி, சூப்பர்வைசரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். அவர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் காரணம் என்ற கட்டத்தில் ஓர் ஆண் படிக்கும்படி எதை எழுதுவது? பெண்கள் யாரும் எழுதியதில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

இந்தப் பாடத்தை எனக்கு முதல் நாளே சொன்னவள் என்னைவிட ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிப் பேசுவாள். "உள்ள போறதுக்கு முன்னாடி தண்ணி நக்கோ. டீயும் நக்கோ. ரெண்டு மணிக்கு வெளிய வந்து குடம் குடமா குடி, யாரு கேக்கப் போறா" என்றாள். நக்கோ என்றால் அவள் பாஷையில் வேண்டாம். ரெண்டு மணிக்கு வெளியே வந்தால் பஸ் தயாராக நிற்கும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கும் குடிக்க முடியாது.

சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆனபோது மாதவிலக்கு நாட்களில் என் வயிறு ஊத ஆரம்பித்தது. கல்லூரியில் லேசாக உப்பும், அவ்வளவுதான். இப்போது கல் போல இருந்தது. இரண்டாம் நாள் அங்கியின் ஜிப் தொப்புளுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து ஏற்றினேன். ரெண்டு மணி வரைக்கும் மூச்சை முழுசாக விடவில்லை என்றே தோன்றியது.

வேறு யாராக இருந்தாலும் பெரிய சைஸ் அங்கி கேட்டு வாங்கியிருப்பார்கள். நான் கேட்கப் பயந்தேன். என் பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, வயிறுதான் முதலில் வீங்கியது. வாயு என்றார்கள். பிறகு நீர் போட்டிருக்கிறது என்றார்கள். பார்லிக் கஞ்சி வைத்தார்கள், வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனபோது கர்ப்பப்பைப் பக்கத்துக் கட்டி கைமீறிப் போயிருந்தது. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கடைசி மாதம் பெரியம்மா தன் கால் விரலைத் தானே பார்க்க முடியாமல் கட்டிலில் கிடந்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என்னுடைய பேய் விடுதிக் குளியலறையில் இருந்தது. தையல்காரர் வைத்திருப்பதுபோல ஒரு டேப் வாங்கி வந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வயிற்றை அளப்பேன். போன மாதத்தைவிட அரை இஞ்ச் கூட. அதற்கடுத்த மாதம் இன்னும் அரை இஞ்ச். நீர் போட்ட வயிறு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அல்லவா நான்? எம்.எஸ்ஸி. படித்தவள் போட்ட கணக்கைக் கேளுங்கள்: உள்ளே நீர் கட்டுகிறது, ஆகவே மேலும் ஊற்றக்கூடாது. தேதி நெருங்கும்போதே வேலை முடிந்த பிறகு குடிக்கும் தண்ணீரையும் நிறுத்தினேன். வலி மாத்திரை விழுங்க ஒரு மடக்கு. நாக்கு வறண்டால் ஆவக்காய் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டேன், எச்சில் ஊறுமே என்று. நான்கு நாள் வயிறு இளகாது. அதையும் நோயின் கணக்கில்தான் சேர்த்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் "சாப்பிட்டியாட்டி, மெலிஞ்சிட்டியா" என்று கேட்பாள். மெலிந்துவிட்டேன் என்பேன். அக்காவைப் பறிகொடுத்த ஆளிடம் எப்படிச் சொல்வது?

ஒருநாள் ஜிப் ஏறவே இல்லை. லாலாகுடாக்காரி பார்த்துவிட்டாள். "ஹவ், எனக்கும் ஊதும், அதுக்குக் கைக்கு இப்படி முழிக்கிறே" என்றாள். ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன். அவள் சாதாரணமாகச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன், டேப்பைப் பற்றியும் சொன்னேன். அவள் கேலி பேசவில்லை. "சனிக்கிழமை டாக்டர்கிட்ட போலாம். தனியா நக்கோ, நான் வர்றேன்" என்றாள்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு, "மாதவிலக்கு முடிந்த பிறகு வீக்கம் குறைகிறதா?" என்று கேட்டார்.

ஊதிய நாட்களில் மட்டும்தான் அளந்திருந்தேன். குறைந்ததா என்று பார்க்க ஒருநாள்கூட டேப்பை எடுத்ததில்லை. பயந்து சாவதில் அவ்வளவு மும்முரம்.

"நீள்ளு தாகுதுன்னாவா?" என்றார். தண்ணீர் குடிக்கிறாயா என்று. நான் என் சாமர்த்தியத்தையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எதற்கும் ஸ்கேன் எடுத்துவிடலாம், கீழ்த் தளத்தில் போய் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காரு, நீர்ப்பை நிறைந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றார்.

அந்த ஒன்றரை லிட்டரைக் குடிக்க நான் பட்ட பாடு! பழகாத தொண்டை. மூன்றாவது டம்ளரில் குமட்டியது. கூட வந்தவள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு மடக்கு, கண்ணை மூடு, அடி" என்று கள்ளுக்கடைத் தோழன் மாதிரி உபசரித்தாள். ஸ்கேன் அறை ஆயா அடிக்கடி எட்டிப் பார்த்து, "வச்சிந்தா?" என்பார், முட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று. வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டுத் திரும்பினார்கள். காய்ந்த நிலம் முதல் மழையைக் குடித்துவிடுவதுபோல என் உடம்பு அவ்வளவையும் எங்கோ இழுத்துக்கொண்டது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எதுவும் இருக்கக்கூடாது, எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஒன்றும் இல்லை. கர்ப்பப்பை சுத்தம், இரண்டு பக்கமும் சுத்தம். குடலில் காற்று, இறுகிப்போன மலம். டாக்டரம்மா கோபமாகத்தான் விளக்கினார். மாதவிலக்குச் சமயத்தில் உடம்பு கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கும், அது இயற்கை. நீ தண்ணீரே கொடுக்காவிட்டால் இருப்பதையும் விடமாட்டேன் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு ஊறுகாய் உப்பு. மலமும் இறுகினால் வயிறு ஊதாமல் என்ன செய்யும்? நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, வெந்நீராகக் குடித்தால் இன்னும் நல்லது, அந்த நாட்களில் ஊறுகாயைத் தொடாதே என்றார். ரிஜிஸ்டரைப் பற்றி நான் முனகியபோது, "எழுது. படிக்கிறவர் படிக்கட்டும்" என்றார்.

வெளியே எதிர்வரிசையில் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லைதான், ஆனால் என்னால் காத்திருக்க முடியவில்லை. அம்மாதான் எடுத்தாள். ஒரு வருடத்துப் பயத்தையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். ஸ்கேன், ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்காததுதான் எல்லாம் என்று சொல்லிச் சிரித்தேன்.

"இம்புட்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேட்டி" என்றாள்.

"நீ பயந்துருவேன்னுதாம்மா. டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க. மாசாமாசம் வந்து வத்திப் போற வீக்கத்துக்குப் பயப்பட வேண்டாமாம். வத்தாம நிக்குற வீக்கத்தைத்தான் ஒடனே பாக்கணுமாம்."

அந்தப் பக்கம் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எம்மா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். பிறகு, "அந்த டாக்டரம்மா, ஊர்லருந்து ஆள் வந்தா பாப்பாவளா?"

"யாருக்கு?"

"எனக்கு மாசியிலருந்து வத்தல. தூரம் நின்னு மூணு வருசமாச்சு, இப்ப வயிறு மட்டும் ஏறிக்கிட்டே வருது. இங்க காட்டுனா அக்கா கதைதான்னு ஊரே பேசும். ஒனக்கு ஒரு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

அப்போது ஆடி பிறந்துவிட்டது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம்.

"நானே வந்து கூட்டிட்டு வாரேம்மா, நாளைக்கே கிளம்புதேன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். தோழி என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஊருக்கு டிக்கெட் எடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். சித்திரையில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "என்னம்மா, தொப்பை போட்டுட்டே" என்று அம்மாவின் வயிற்றைத் தட்டிச் சிரித்தது நான்தான். அம்மாவும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.