கண்டிக்காரிக்கு எது ஊர்?

என் நாத்தனார் கொளஞ்சியம்மாளை விக்கிரமங்கலத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டிக்காரி என்பார்கள். அவள் பிறந்து வளர்ந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலோ அவளுக்கு விக்கிரமங்கலத்தா என்று பெயராம். இரண்டு பக்கத்து ஜனங்களும் பேசி வைத்துக்கொண்டு அவளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டமாதிரிதான் இது.

என் மாமனார் பஞ்ச காலத்தில் கடல் தாண்டிப் போனவர். அண்ணன் தங்கை இரண்டு பேரும் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில்தான் பிறந்தார்கள். ஊரில் சும்மா கிடக்கும் காட்டைப் போய்ப் பார் என்று சாகும்போது மகனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அந்த மகன் இளையபெருமாள் வந்து கம்பும் பருத்தியும் போட்டார், என்னையும் கட்டிக்கொண்டார். கொளஞ்சி அங்கேயே பாவாடை என்பவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

1941 தை மாதம் எங்கள் பையனின் காதுகுத்துக்கு அவள் வந்தாள். விக்கிரமங்கலத்தை அவள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். மகள் பூங்காவனத்தைப் புருஷனிடம் விட்டுவிட்டு, மாசியில் திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்திருந்தாள். ஒளிப்பானேன், அவள் எப்போது கிளம்புவாள் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பங்கூழை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைப்பாள். பொழுதுக்கும் தேத்தண்ணி வேண்டும். என் வெல்லப்பானை பாதியாகிவிட்டது. ஒரு நாள் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன்.

மாசியில் டிக்கெட்டுக்கு விசாரிக்கப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. தோட்ட வேலைக்கு ஆள் போவதைச் சர்க்கார் நிறுத்தி வைத்திருந்தது. அங்கேயே குடியிருக்கிறவள்தான் என்று காட்டி அனுமதி வாங்கினால்தான் போகலாமாம். அது தெரியாமல் காதுகுத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவள் இவள். அன்றிலிருந்து தேத்தண்ணி கேட்கவில்லை. நானே பானையை இறக்கி, போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை.

“எம் பொண்ணுக்கு அவ அப்பன் தலை வாரிவிட்டா சிக்கு எடுக்கத் தெரியாது அண்ணி” என்றாள்.

ஆடி மாதம் அரியலூர் பங்களாவில் ஓர் அதிகாரி வந்து தங்கினார். கொழும்பில் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசப்போகின்றன, அதற்கு முன்னால் இலங்கையோடு தொடர்புள்ளவர்களை விசாரித்து எழுதிப் போகிறார் என்று சொன்னார்கள். சரக்கு எப்படிப் போய்வருவது, அங்கே இருக்கும் நம் ஜனங்களுக்கு என்ன உரிமை, இரண்டும் பேச்சில் உண்டாம். அவர் எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, மூன்று பேரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம்.

தாழ்வாரத்து பெஞ்சில் லெப்பைக்குடிக்காட்டு வியாபாரி அப்துல் மஜீது உட்கார்ந்திருந்தார்.

“நீ எதுக்கும்மா வந்திருக்க?” என்று கொளஞ்சியைக் கேட்டார்.

“திரும்பிப் போறதுக்குங்க பாய். நீங்க?”

“நான் கொப்பரைக்கு. கொழும்புக் கொப்பரைக்கு வரிய ஏத்திப்புடாதீங்கன்னு சொல்ல வந்தேன்.”

“அது கொழும்புக் கொப்பரைதான்னு எப்படிங்க கண்டுபிடிப்பாங்க?”

“அதுல என்ன இருக்கு? நட்டவன் எந்த ஊருக்காரன்னு எவனும் கேக்கமாட்டான். எங்க காஞ்சுதோ அதான் அதுக்கு ஊரு.”

கொளஞ்சி ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி தமிழர்தான், கண்ணாடி போட்ட மனிதர். தோட்டத்துப் பழக்கத்தில் அவரையும் இவள் தொரை என்றே கூப்பிட்டாள்.

“சொந்த ஊர் எதும்மா?” என்று கேட்டார்.

“விக்கிரமங்கலங்க தொரை.”

கொஞ்சமும் யோசிக்கவில்லை. தலையை நிமிர்த்தி, அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அதிகாரி பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம், “ஊர் திரும்பினவங்க கணக்குல சேர்த்துக்குங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பொம்பளை பேசலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை. “இருங்க சார், இவ திரும்பி வரல. விருந்தாட வந்தவ. புருஷன், புள்ள எல்லாம் அங்க இருக்கு” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், கோபப்படாமல் கொளஞ்சியிடமே சொன்னார்.

“அம்மா, தோட்டத்து ஜனங்க அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க, அதான் இவங்க ஊரு, உரிமை குடுங்கன்னு நாங்க கொழும்புல கேக்கப்போறோம். இலங்கைக்காரங்களோ, ஊர் எதுன்னு கேட்டா இவங்க இந்தியாவுலதானே ஒரு ஊரைச் சொல்றாங்கன்னு திருப்பிக் கேக்கறாங்க. நான் விசாரிச்ச தோட்டத்து ஜனம் அத்தனை பேரும் உன்னை மாதிரியேதான் சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“ஊருன்னு கேட்டா அப்பன் ஊரைத்தானுங்களே சொல்லுவாங்க?” என்றாள் கொளஞ்சி.

“நமக்குப் புரியுது. கொழும்புல யாருக்குப் புரியும்? இப்ப நீயே சொல்லு, உன் ஊர் எது?”

கொளஞ்சி அண்ணன் பக்கம் திரும்பினாள். ஊர் இல்லை என்று ஒருத்தி சொன்னால், பிறந்த வீடே இல்லை, செத்தால் கோடி போட ஆள் இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டதாகத்தான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். அதை அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பூங்காவனத்தைப் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தோட்டந்தாங்க என் ஊரு” என்றாள் கடைசியில். “விக்கிரமங்கலம் எங்க அண்ணன் ஊருங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வண்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். நான்தான் பொறுக்கமாட்டாமல், “பாய் சொன்னாருல்ல, காஞ்ச எடந்தான் ஊருன்னு” என்று ஆரம்பித்தேன்.

“எந்தங்கச்சி என்ன கொப்பரையா?” என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கோழி கொத்துவதுபோல் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். தங்கையோடு பேச்சும் இல்லை.

அனுமதி வந்தது. பெட்டியைத் தலையில் சுமந்து அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்தவரும் அவர்தான், டிக்கெட் எடுத்தவரும் அவர்தான். முகத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் வெல்லம் கட்டிய துணி மூட்டையை ரயில் ஜன்னல் வழியே அவள் மடியில் வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கொளஞ்சியைப் பார்த்து, “எந்த ஊரும்மா நீங்க?” என்று கேட்டாள்.

“விக்கிரமங்கலம்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற அவர் சட்டென்று திரும்பினார். வண்டி நகரவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“கொளஞ்சி, மண்டபம் கேம்புல கப்பலுக்கு விடறதுக்கு முந்திக் கேக்கறப்ப இப்படிச் சொல்லிப்புடாத. அப்பா ஊரை எடுக்காத, எம் பேரையும் எடுக்காத. அண்ணனே கெடையாதுன்னு வேணாலும் சொல்லு. போயிப் புள்ளையப் பாரும்மா.”

அவள் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதாள். பிளாட்பாரம் முடியும்வரை அவர் ஓடினார்.

அவளோடு மண்டபம்வரை போன எறையூர் ஆள் ஒருவர் பிறகு வீட்டுக்கு வந்து விவரம் சொன்னார். கேட்டார்களாம். தோட்டம் என்றாளாம். இந்தியாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்றாளாம். கப்பல் ஏறிவிட்டாள்.

அவர் தலையாட்டிக்கொண்டார். உள்ளே வந்து சோறு போடச் சொல்லி, அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.