அர்சேனியோவின் நாற்காலிக்கு வந்த படையல்

ருஃபினாவை விதவை என்றும் சொல்ல முடியாது, புருஷன் உள்ளவள் என்றும் சொல்ல முடியாது. அவள் புருஷன் அர்சேனியோ கப்பலில் வேலை பார்த்தவன். இருபது வருஷத்துக்கு முன்னால் பிரேசிலில் ஏதோ ஒரு துறைமுகத்தில், சிகரெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். கப்பல் ஒரு நாள் காத்துப் பார்த்தது, பிறகு கிளம்பிவிட்டது. கூட வேலை செய்தவன் அவள் ஊரான குர்ரிமாவுக்கு வந்து இதைச் சொன்னான். அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். பிணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

ஊரில் பாதிப் பேர் அவன் செத்தான் என்றார்கள். மீதிப் பேர் அங்கே எவளையோ கட்டிக்கொண்டு தொப்பை வளர்க்கிறான் என்றார்கள். ருஃபினா இரண்டாவது கட்சி. செத்தான் என்று நினைத்தால் அழ வேண்டும். ஓடிப்போனான் என்று நினைத்தால் திட்டலாம். அவள் பிழைப்புக்குத் திட்டுவதுதான் தோதானது. அலை இறங்கும் நேரத்தில் பாறைக்கு நடுவே குனிந்து, மணி மணியாகக் கொத்தாக விளையும் கடல்பாசியைப் பறித்துச் சந்தையில் விற்கிறவள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றால் காலடியில் பாறை தெரியாது.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போகும். அப்போது, மனாங் என்று அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள் யாராவது கேட்பார்கள்.

"அர்சேனியோவுக்கு ஒண்ணு ஏத்தலயா, மனாங்?"

"உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குடி மெழுகுவத்தி? பிரேசில்ல கரண்ட் போயிடுச்சாமா?"

இப்படி இருந்தவளிடம்தான் நெரிஸா வந்து அர்சேனியோவின் நாற்காலியைக் கேட்டாள். இதே ஊர்ப் பெண், மணிலாவில் ஓவியம் படித்தவள். கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய புகையிலைக் கிடங்கில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாளாம். நீளமாக ஒரே மேசை. அதைச் சுற்றி இந்த ஊரைவிட்டுப் போய்த் திரும்பாதவர்களின் நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காலித் தட்டு.

"திரும்பாதவங்கன்னா? செத்தவங்களா, ஓடினவங்களா?" என்றாள் ருஃபினா.

"எது யாருன்னு சொல்ல மாட்டேன், ஆன்ட்டி. பேரு மட்டும்தான் இருக்கும். பாக்கறவங்க யோசிச்சுக்கட்டும்."

"யோசிக்கறதுக்கு என் புருஷன்தான் கெடச்சானா உனக்கு? வேற ஆளப் பாரு."

நெரிஸா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, பரவாயில்லை, படம் எல்லாம் பேஸ்புக்கில் போடுவேன், வீட்டிலிருந்தே பாருங்கள் என்றாள்.

பாசி அலசிக்கொண்டிருந்த ருஃபினாவின் கை அப்படியே நின்றது.

"அது எங்கெல்லாம் தெரியும்?"

"எங்க வேணா தெரியும்."

"பிரேசில்ல?"

"தெரியுமே."

நாற்காலியின் வலது கைப்பிடியில் சிகரெட் சுட்ட தழும்புகள் இருந்தன. அர்சேனியோ சாம்பல் கிண்ணத்தைத் தேடி எழுந்ததே இல்லை. உலகத்தில் எத்தனை நாற்காலி இருந்தாலும், இந்தக் கைப்பிடியைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு என்ன செய்வான் என்பதுவரை அவள் யோசிக்கவில்லை. பார்க்கட்டும், அவ்வளவுதான்.

"எடுத்துட்டுப் போ. ஆனா அவன் செத்துட்டான்னு ஒரு எழுத்து இருந்துதுன்னு வையி, உன் மேசையத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்."

மறுநாள் வண்டி வந்தபோது நாற்காலியில் தேங்காயெண்ணெய் பளபளத்தது. நெரிஸா அதைப் பார்த்துச் சிரித்தாள். "கரையான் வருதுன்னு தடவினேன்" என்றாள் ருஃபினா, யாரும் கேட்காமலே.

திறப்பு விழா நன்றாகத்தான் நடந்தது. ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்குப் போனவரின் மூங்கில் நாற்காலி, ராணுவச் சட்டம் இருந்த காலத்தில் ஜீப்பில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போன வாத்தியாரின் நாற்காலி, சவூதியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன ஒருத்தியின் பிளாஸ்டிக் நாற்காலி என்று வரிசையாக இருந்தன. ஊர் ஜனங்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பெண்கள் மட்டும் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களுக்குத் தட்டு வைத்துவிட்டு அதைக் காலியாக விடுவதா? எங்கள் பக்கத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது.

இரண்டாம் நாள் வாத்தியாரின் தட்டில் ஒரு வெல்லப் பணியாரம் இருந்தது. வைத்தது யாரென்று தெரியவில்லை. மூன்றாம் நாள் ஹவாய்க்காரருக்கு வெற்றிலையும் பாக்கும் வந்தன. அந்த வாரம் முடிவதற்குள் மேசை முழுக்கப் படையல். கூடவே எறும்பு. நெரிஸா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எறும்புகளையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டாள்.

ருஃபினா அந்தப் பக்கம் போகவில்லை. அலை நன்றாக இறங்கிய வாரம் அது, பாசி கொத்துக் கொத்தாகக் கிடைத்தது. சந்தையில் பக்கத்துக் கடை மீன்காரிதான் வாயைத் திறந்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கும் படையல் வச்சாச்சு போல! சோறு, முட்டை, எல்லாம் இருந்துச்சு. போட்டோ நல்லா வந்திருக்கு."

ருஃபினா பாசிக் கூடையை அப்படியே விட்டுவிட்டு, ஈரப் பாவாடையோடு நடந்தாள். வழி முழுக்க ஒன்றையே நினைத்தாள். எங்கேயோ உட்கார்ந்து அவன் அந்தப் படத்தைப் பார்க்கிறான். என்னைச் செத்தவனாக்கிச் சோறு வைத்துவிட்டாள் என் பெண்டாட்டி, இனி திரும்பிப் போக என்ன இருக்கிறது என்கிறான்.

கிடங்கில் எமெரிதா நின்றிருந்தாள், அர்சேனியோவின் தங்கை. தட்டில் ஒட்டரிசிச் சோறு, அவித்த முட்டை, ஒரு சிகரெட். பக்கத்தில் குட்டி டம்ளரில் கரும்புக் கள்.

"நீதான வச்ச?"

"நான்தான் வச்சேன், மனாங்."

"யாரக் கேட்டு வச்ச? என் நாற்காலி, என் புருஷன்!"

"உனக்குப் புருஷனாகறதுக்கு முந்தியே அவரு எனக்கு அண்ணன். கனவுல வந்தாரு. சட்டையெல்லாம் ஈரம். பசிக்குதுன்னாரு. பசின்னு வந்தவருக்குச் சோறு வைக்காம இருக்கச் சொல்றியா?"

"என் கனவுல வந்தாத்தான் செல்லும்."

"உன் கனவுல எப்படி வருவாரு? வந்தாத் திட்டுவியே!"

கூட்டத்தில் யாரோ சிரித்து அடக்கினார்கள். ருஃபினா தட்டை எடுக்கக் கையை நீட்டினாள். எமெரிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா பிடித்தாள்.

"எனக்கும் வயசாகுது, மனாங். ஒரு தடவை அழுது முடிச்சுடணும்னு பாக்கறேன். நீ விட மாட்டேங்கற."

ருஃபினா தட்டையே பார்த்தாள்.

"முட்டை வச்சிருக்கியே."

"ஏன், படையலுக்கு முட்டை வைக்கறதுதான?"

"அவனுக்கு முட்டை ஆகாது. தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுடும். கூடப் பொறந்தும் அது தெரியலயா?"

"செத்தவருக்குத் தடிக்குமா?"

"செத்தான்னு யாரு சொன்னா?"

இதற்குள் எமெரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. ருஃபினா நாற்காலியை இழுத்தாள். கண்காட்சி நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்து, முட்டையை எடுத்து மேசையில் தட்டி உரித்துத் தின்றாள். நிதானமாகத் தின்றாள். சோற்றைத் தொடவில்லை. சிகரெட்டைத் தட்டிலிருந்து எடுத்து, கைப்பிடியில் தழும்புக்குப் பக்கத்தில் வைத்தாள். டம்ளரில் கள் குறைந்திருந்தது.

"தளும்ப ஊத்து. இல்லேன்னா மொணமொணப்பான்."

எமெரிதா ஊற்றினாள். பிறகு தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். ருஃபினா தடுக்கவில்லை, கூட அழவும் இல்லை. அவள் கை மட்டும் எமெரிதாவின் தலையில் கொஞ்ச நேரம் இருந்தது. பாசி வாடை அடிக்கும் கை.

நெரிஸா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தப் படத்த எடுத்துடட்டுமா?"

ருஃபினா யோசித்தாள்.

"இருக்கட்டும். செத்திருந்தா வந்து தின்னட்டும். உசுரோட இருந்தா பாத்து வெக்கப்படட்டும்."

கல்லறைத் திருநாள் கழிந்த பிறகு கண்காட்சியைக் கலைத்தார்கள். பிரேசிலிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நாற்காலி வண்டியில் திரும்பி வந்தபோது, எங்கே வைக்கட்டும் என்று வண்டிக்காரன் கேட்டான். முன்பு அது மூலையில் சுவரைப் பார்த்து நின்ற நாற்காலி. அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"வாசல்ல போடு" என்றாள்.

அன்று சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் பாசியில் மணல் அலசினாள். உட்கார்ந்து செய்தால் முதுகு வலிக்கவில்லை. இத்தனை வருஷம் தரையில் குந்திக் கிடந்த தன்னையும் சேர்த்து, அர்சேனியோவை ஒரு பாட்டம் திட்டினாள். எமெரிதா வந்தாள். இன்னொரு நாற்காலி இல்லாததால் வாசற்படியில் உட்கார்ந்து அவளும் கூடையில் கையை விட்டாள்.