பத்துக்கு ஏழு

கல்லூரியில் முதலாண்டுக் கணக்குத் தாளை நான் எழுதவில்லை. வகுப்பில் மற்ற எல்லோரும் எழுதினார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே அந்தத் தாளுக்கான நான்கு கிரெடிட்டை ஆன்லைன் பாடத்தில் தேறி வாங்கிவிட்டதால் எனக்கு விலக்கு. அவர்கள் கணக்கு வகுப்பில் கொட்டாவி விட்ட நேரத்தில் நான் கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "கெட்டிக்காரிடி நீ" என்பார்கள். ஒருநாளும் நான் மறுத்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் படித்த பள்ளிக்கு அந்தத் திட்டம் புதிதாக வந்திருந்தது. ஏதோ ஒரு கல்லூரி பள்ளிப் பிள்ளைகளுக்காக இணையத்தில் நடத்திய கணக்குப் பாடம். பன்னிரண்டு வாரம், வாரத்துக்குப் பத்துக் கேள்வி, கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் கல்லூரிப் பாடம் ஒன்றைப் பள்ளியிலேயே முடித்த மாதிரி. எனக்கு அது சும்மா ஒரு பெருமை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்படியில்லை.

அவள் கல்வராயன் மலைப் பெண். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். வாரம் முழுக்கக் கள்ளக்குறிச்சியில் விடுதி, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் பஸ். பிளஸ் டூ முடிந்ததும் திருப்பூரில் அத்தையோடு பனியன் கம்பெனி என்பது அவள் வீட்டில் முடிவான விஷயம். பெற்றோர் கூட்டத்தில் எங்கள் டீச்சர் இந்தப் பாடத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் அப்பா எழுந்து நின்று, "காலேஜு பாடத்த இங்கியே படிச்சி பாஸ் பண்ணிக் காட்டட்டும், அனுப்புறேங்க. இல்லன்னா அவ அத்தகூடப் போவட்டும்" என்றார். அன்றைக்கு அவள் சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பதிவு செய்ய ஆளுக்கொரு செல்போன் நம்பர் வேண்டும். அவளிடம் போன் கிடையாது. விடுதியில் வைத்துக்கொள்ளவும் கூடாது, மலையில் அவள் ஊரில் டவரும் கிடையாது. "ஒன் நம்பரையே ரெண்டு பேருக்கும் போட்டுடும்மா" என்றார் டீச்சர். எங்கள் வகுப்பில் ஒரு நம்பரில் நான்கு பேர்கூட இருந்தார்கள், யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. இப்படியாக அவள் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் என் கைக்கு வந்தன.

திங்கட்கிழமை நான் கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து வருவேன். அவள் வாரம் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டுவாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஓடும் முன் பதில்களை ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து என்னிடம் தருவாள். ஞாயிறு மதியம் அப்பாவின் உரக்கடை மூடியிருக்கும். கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு பேருடைய பதில்களையும் நான் ஏற்றுவேன்.

முதல் வாரம் என்னுடையதை முதலில் போட்டேன். ஐந்து. அடுத்து அவளுடையதைப் போட்டேன். ஒன்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலை அனுப்பிய உடனே எது சரி, எது தப்பு, சரியான விடை என்ன என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். ஒருமுறை அனுப்பினால் மாற்ற முடியாது. இரண்டாவது வாரம் அவள் பதில்களை முதலில் போட்டேன். ஏழு வந்தது. திரையைப் பார்த்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். பத்துக்குப் பத்து.

கை தானாகச் செய்துவிட்டது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். யோசித்துத்தான் செய்தேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று சில வாரம் ஒன்றை வேண்டுமென்றே தப்பாகப் போடும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. அந்த மூளையைக் கணக்கில் செலவழித்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் அவள் கேட்கும் முதல் கேள்வி மார்க்தான்.

"இன்னாடி, மூணு தப்பா? எங்கடி தப்பு பண்ணேன்?"

திரையில் படித்ததை அப்படியே டீச்சர் மாதிரி அவளுக்கு விளக்குவேன். ஒருமுறை, "நீ மட்டும் எப்டிடி பத்தும் போடுற?" என்று கேட்டாள். கவனமாகப் படித்தால் வரும் என்று சொன்னேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்தாவது வாரம் முடிந்ததும் என் போனுக்கு இரண்டு மெசேஜ் வந்தன. ஒன்று எனக்கு: உங்கள் பதில்களை வேறொருவர் பார்த்து எழுதியிருக்கிறார், பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று அவளுக்கு: ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரே மாதிரி பதில்கள் வந்திருக்கின்றன, மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் ஐடி ரத்து. பத்து வாங்குகிறவள் ஏழு வாங்குகிறவளைப் பார்த்தா எழுதுவாள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எந்தப் பதில் முதலில் வந்தது என்று பார்த்திருந்தால் அன்றைக்கே நான் மாட்டியிருப்பேன். பார்க்கவில்லை.

மூன்று நாளும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உண்மையை எழுதினால் என் ஐடி போய்விடும், எழுதாவிட்டால் அவளுடையது. தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று கிளம்புவேன், மாலையில் நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்புவேன். கெடு முடிந்த பிறகுதான், காப்பி அடித்ததாக அவள் ஐடியை ரத்து செய்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

அவள் முகம் செத்துப்போனது. "ஒன்னுது?" என்றாள்.

"இருக்குது."

"நல்ல வேள. என் ஐடியால ஒனக்கும் போயிருந்தா நான் இன்னாடி பண்ணுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பாடத்தின் கடைசித் தேர்வில் வார மார்க்குகளின் தயவில் நான் தேறிவிட்டேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்து அவளுடைய டி.சி. வாங்க அவள் அப்பா வந்தார். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, குரலைக் குறைக்காமல் என்னிடம் கேட்டார். "ஒன்ன மாதிரி படிக்கிற புள்ள பக்கத்துலதான ஒக்காந்துகினு இருந்தா. பாத்து எழுதுற புத்தி இவளுக்கு எங்கேர்ந்துமா வந்துச்சி?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன், அதை அடக்கம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அந்த மாதமே அவள் திருப்பூர் போய்விட்டாள்.

இப்போது அவளிடம் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். போன மாதம், கல்லூரி எப்படிப் போகிறது என்று கேட்டாள். இரண்டாம் ஆண்டுக் கணக்கில் அரியர் வைத்திருக்கிறேன் என்றேன். முதலாண்டுக் கணக்கு தெரியாமல் அது எப்படி வரும்.

"யாரு, நீயா? பத்துக்குப் பத்து போட்டவ!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் எழுந்து போய் டிவியை நிறுத்துவது கேட்டது.

"எத்தினி வாரம்?"

"ஒம்பது."

"நானாத்தான் போட்டேன்னு எங்கப்பாகிட்ட எத்தினி தபா சொல்லியிருப்பேன். நம்பலடி. இன்னிக்கும் வூட்டுக்குப் போனா, தம்பிக்கு ஒரு கணக்கு சொல்லிக் குடுக்க வுட மாட்டேன்றாரு. இவ காப்பி அடிச்சவ, நீ எட்டப் போடான்றாரு."

"என்ன மன்னிச்சிடுடி" என்றேன்.

"அது கெடக்கட்டும். நீ மலைக்குப் போயி அவருகிட்ட சொல்லு. போன்ல வாணாம். நேர்ல போயி சொல்லு."

அவள் கேட்டது அது ஒன்றுதான். கிரெடிட்டைத் திருப்பிக் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் வரை போனேன். வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடமும் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது.

சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"போனியா?"

"பஸ்ஸே கெடைக்கலடி" என்றேன்.

"அந்த பஸ்ல எத்தினி வருசம் போனவ நான். எங்கிட்டயாடி சொல்ற?" என்று கேட்டாள்.